இரண்டு தேர்வு வைத்தாயிற்று, பாடம் நடத்துவதை யார் பார்ப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில வாரங்களாக உங்கள் வாசகர் கடிதப் பகுதி முழுக்க டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வுதான். "இத்தனை வருஷம் பாடம் நடத்தியவர்களுக்கு இப்போது எதற்குத் தேர்வு" என்று ஒரு பக்கம், "பாஸ் பண்ணத் தெரியாதவர்களுக்கு அரசுச் சம்பளம் ஒரு கேடா" என்று இன்னொரு பக்கம். இரண்டையும் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நான் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியை. தலைமையாசிரியை என்றதும் தனி அறை, சுழல் நாற்காலி என்று நினைத்துவிட வேண்டாம். ஈராசிரியர் பள்ளி. நானும் இன்னொரு டீச்சரும்தான் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்து வரை பார்க்கிறோம், மணி அடிப்பதும் நான்தான், பாம்பு வந்தால் ஆள் கூப்பிட ஓடுவதும் நான்தான். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பில் வேலைக்கு வந்தவள், டெட் எழுதாதவள். ஓய்வு பெற ஐந்து வருஷத்துக்கு மேல் இருப்பதால் 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு என் தலையிலும் விழுந்திருக்கிறது. இரண்டு ஆண்டுக்குள் டெட் தேற வேண்டும், இல்லையென்றால் வேலையை விட வேண்டும். ஓய்வுக்கு ஐந்து வருஷத்துக்குள் இருப்பவர்கள் எழுதாமல் தொடரலாம், ஆனால் பதவி உயர்வு கிடையாது.

இதைப் படித்ததும் "ஓகோ, டீச்சர் தனக்காக அழுகிறார்" என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். நான் எழுதப் போகிறேன். மறுசீராய்வு மனு போட்டிருக்கிறோம், 2026இல் சிறப்புத் தகுதித் தேர்வுகள் வைக்கிறோம் என்று அரசு சொன்னபோதே புத்தகம் வாங்கிவிட்டேன். முதல் தாளில் மொத்தம் 150 கேள்வி: குழந்தை மேம்பாடும் கற்பித்தலும் 30, தமிழ் 30, ஆங்கிலம் 30, கணக்கு 30, சூழ்நிலையியல் 30. தேர்ச்சிக்கு 90, இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு நெடுநாளாக 82 என்று இருந்தது. உட்கார்ந்து படித்தால் முடியாத விஷயம் இல்லை. ஒன்றாம் வகுப்பு டீச்சருக்கு ஆங்கில இலக்கணம் தெரிந்திருக்க வேண்டும் என்று ஒருவர் எதிர்பார்த்தால் அதில் தப்பே கிடையாது. நான் சொல்ல வருவது வேறு.

இந்த நாட்டில் தொடக்கப் பள்ளி ஆசிரியர் ஆவதற்கு என்ன வழி என்று வெளியில் இருப்பவர்களுக்கு முழுசாகத் தெரியாது, அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். கல்வி உரிமைச் சட்டம் 2009இல் வந்தது, 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டத்தின்படி என்.சி.டி.இ. என்கிற தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2010 ஆகஸ்ட் 23 அன்று ஓர் அறிவிக்கை வெளியிட்டது. அதன்படி ஒன்று முதல் ஐந்து வரை பாடம் எடுக்க, பிளஸ் டூவில் 50 சதவீதம் (சில பிரிவினருக்குத் தளர்வு உண்டு), அப்புறம் இரண்டு வருஷத் தொடக்கக் கல்விப் பட்டயம், அதற்கு மேல் டெட். நாங்கள் படித்த காலத்தில் டி.டி.எட். என்றோம், இப்போது டி.எல்.எட். தமிழ்நாட்டில் 2011 நவம்பரில் அரசாணை 181 போட்டு டெட்டைக் கட்டாயமாக்கினார்கள், முதல் தேர்வு 2012 ஜூலை 12 அன்று நடந்தது. 150 கேள்விக்கு ஒன்றரை மணி நேரம் கொடுத்தார்கள். கேள்வியைப் படித்து முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது என்று எழுதியவர்கள் எல்லாரும் சொன்னார்கள். ஆறரை லட்சம் பேருக்கு மேல் எழுதி 2,448 பேர் தேறினார்கள். அதே வருஷம் அக்டோபரில் மூன்று மணி நேரம் கொடுத்து மறுபடி வைத்தார்கள். நேரத்தைக் கூட்டியதும் தேறியவர்கள் எண்ணிக்கையும் கூடியது என்பதிலிருந்தே முதல் தேர்வு எதைச் சோதித்தது என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் ஒவ்வொரு திருப்பத்துக்கும் பின்னால் ஒரு தலைமுறை பெண்கள் இருக்கிறார்கள். முதலில், பல மதிப்பெண்களைச் சேர்த்துப் பார்த்து வேலை கொடுக்க வெயிட்டேஜ் என்று ஒரு முறை வந்தது. பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கு 15, பட்டயப் பயிற்சி மதிப்பெண்ணுக்கு 25, டெட்டுக்கு 60. பழைய காலத்தில் பிளஸ் டூ படித்தவர்களுக்கு மதிப்பெண் குறைவாகத்தான் இருக்கும், அப்போது 1,200க்கு 800 வாங்கினாலே தெருவில் பேசுவார்கள். அவர்களும் பின்னால் வந்து ஆயிரத்துக்கு மேல் வாங்கியவர்களும் ஒரே தராசில் நின்றார்கள். வழக்கு மேல் வழக்கு, 2014இல் கணக்கிடும் முறை மாறியது. 2018 ஜூலையில் அரசாணை 149 வந்தது: வெயிட்டேஜே கிடையாது, டெட் தேறியவர்கள் பணி நியமனத்துக்கு இன்னொரு போட்டித் தேர்வு எழுத வேண்டும். சரி, வையுங்கள் என்றுதான் எல்லாரும் காத்திருந்தார்கள். ஒன்று முதல் ஐந்து வரை பாடம் எடுக்கும் இடைநிலை ஆசிரியர்களுக்கு அந்தத் தேர்வு நடந்தது 2024 ஜூலை 21 அன்று. ஆறு வருஷம். முதலில் 1,768 இடம் என்றார்கள், பிறகு ஓர் ஆயிரம் சேர்த்தார்கள். ஆணை கைக்கு வந்தபோது 2025.

இந்த இடைவெளியில் டெட் சான்றிதழுக்கு ஏழு வருஷம்தான் ஆயுள் என்றிருந்ததை 2021இல் ஆயுள் முழுக்கச் செல்லும் என்று மாற்றினார்கள். நல்ல காரியம். பி.எட். படித்தவர்களும் ஒன்று முதல் ஐந்துக்கு வரலாம் என்று 2018இல் என்.சி.டி.இ. கதவைத் திறந்தது, 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று மூடியது. சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கத் தனிப் பயிற்சி வேண்டும், பி.எட்.டில் அது இல்லை என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். அந்த ஒரு வரியை நான் இரண்டு கையாலும் வரவேற்கிறேன். ஆனால் பாருங்கள், சின்னப் பிள்ளைக்கென்று தனிப் பயிற்சி வேண்டும் என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் சொல்கிறது, அந்தப் பயிற்சியில் எப்படிச் செய்தார் என்பதற்கு இன்றைய நியமன முறையில் ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது. டெட்டில் 90, போட்டித் தேர்வில் தரவரிசை, அவ்வளவுதான். வெயிட்டேஜில் ஆயிரம் ஓட்டை இருந்தது, நான் அதற்கு வக்காலத்து வாங்கவில்லை, இருந்தாலும் அந்த 25க்குள் வகுப்பறையின் நிழலாவது இருந்தது.

அந்த நிழல் போனதும் என்ன ஆயிற்று என்பதை நான் நேரில் பார்க்கிறேன். எங்கள் பள்ளிக்குக் கற்பித்தல் பயிற்சிக்கு மாணவிகள் வருவார்கள். முன்பெல்லாம் பாடம் எடுப்பதைப் பார்த்து மதிப்பெண் போடும் கமிஷன் வருகிறது என்றால் பயந்து நடுங்குவார்கள், அட்டையை வெட்டித் துணைக்கருவி செய்வார்கள், பாடக்குறிப்பைத் திருத்திக் கொடுங்கள் டீச்சர் என்று சாயங்காலம் வீடு வரை வருவார்கள். இப்போது வருகிறவர்கள் பையில் டெட் கைடு இருக்கிறது. பின் பெஞ்சில் உட்கார்ந்து உற்றுநோக்கல் பதிவேடு எழுதுவதாகச் சொல்லிவிட்டு அடியில் கைடை வைத்துப் படிக்கிறார்கள். நான் திட்டுவதில்லை. எதற்கு மதிப்பெண்ணோ அதைத்தானே படிப்பார்கள். உற்றுநோக்கல் பதிவேடு, தனிமாணவர் ஆய்வு, செயல் ஆராய்ச்சி எல்லாம் போன வருஷத்து அக்காவிடமிருந்து வாங்கிப் பார்த்து எழுதப்படுகின்றன. ஒரு தனிமாணவர் ஆய்வில் எங்கள் ஊர்ப் பையனின் அப்பா துறைமுகத்தில் கூலி வேலை செய்வதாக இருந்தது. திருவண்ணாமலைப் பக்கம் ஏதம்மா துறைமுகம் என்று கேட்டேன், அந்தப் பிள்ளைக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பாடம் நடத்துவதில் அப்படி என்ன பார்க்க இருக்கிறது, தேர்வில் தேறியவருக்கு அது வராதா என்று கேட்பவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். மூன்றாம் வகுப்பில் கடன் வாங்கிக் கழித்தல். 42இலிருந்து 17ஐக் கழிக்கச் சொன்னால் வகுப்பில் நாலைந்து பிள்ளை 35 என்று எழுதும். எந்த ஊர்ப் பள்ளியில் வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள், இந்த 35 இருக்கும். போன வருஷம் வந்த பயிற்சி மாணவிகளில் ஒருத்தி அதைப் பார்த்ததும் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் 25 என்று எழுதி, "சரியா? அடுத்த கணக்கு போடு" என்றாள். கையெழுத்து அச்சடித்தது போல இருந்தது, அந்தப் பெண் டெட்டும் தேறியிருந்தாள். அவளோடு வந்த இன்னொருத்தி, பார்க்கப் போனால் மந்தம், பேச்சு வராது, பிள்ளை பக்கத்தில் குந்திக்கொண்டு, "இது எப்படிடா வந்துச்சு, எனக்குச் சொல்லேன்" என்று கேட்டாள். பையன் சொன்னான்: "ஏழுல ரெண்டு போனா அஞ்சு, நாலுல ஒண்ணு போனா மூணு." பெரிய எண்ணிலிருந்துதான் சின்ன எண் போகும் என்று யாரோ சொன்னதை அவன் ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறான். அவள் ஒன்றும் சொல்லாமல் நாலு குச்சிக் கட்டும் இரண்டு தனிக் குச்சியும் எடுத்து வைத்து, "இதுல இருந்து எனக்குப் பதினேழு குடு" என்றாள். பையன் ஒரு கட்டைக் கொடுத்தான். இன்னும் ஏழு வேண்டும், கையில் இரண்டுதான் தனியாக இருக்கிறது. கட்டைப் பிரிக்கலாமா என்று அவளைப் பார்த்தான். அவள் தலையைக்கூட ஆட்டவில்லை. அவனாகவே ரப்பர் பேண்டை உருவினான்.

இரண்டாவது பெண் டெட்டில் 78. மூன்றாவது முறையாக எழுதப் போகிறாள் என்று கேள்வி.

முதல் பெண்ணுக்கு வேலை கொடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அவளையும் பக்கத்தில் இருந்து இரண்டு வருஷம் யாராவது சொல்லிக் கொடுத்தால் நல்ல டீச்சராகிவிடுவாள், அறிவு இருக்கிறது. ஒன்றாம் வகுப்பில் ஒரு பிள்ளை "தோசை" என்பதை "தே… கால்… சை" என்று படித்தால் கொம்பும் காலும் சேர்ந்து ஒரே எழுத்து என்று அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை என்று அர்த்தம். அதற்குப் பத்துத் தடவை இம்போசிஷன் கொடுத்துப் பிரயோசனம் இல்லை. இதெல்லாம் உளவியல் அறிஞர்கள் பியாஜே எத்தனை நிலைகள் சொன்னார், கோல்பர்க் எதைப் பற்றிச் சொன்னார் என்பதைப் படித்து வருவதில்லை. படிக்க வேண்டாம் என்றில்லை, நானே இப்போது ராத்திரியில் அதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன், சிலது படிக்கப் படிக்க "அட, நம்ம பிள்ளைகள் செய்வதைத்தான் இந்த மனுஷன் சொல்லியிருக்கிறார்" என்று தோன்றுகிறது. ஆனால் பிள்ளைகளோடு பழகியிருப்பதால் எனக்கு அப்படித் தோன்றுகிறது, இருபத்தொரு வயதுப் பெண்ணுக்கு அது நாலு விடையில் ஒன்று, அவ்வளவுதான். டிரைவிங் லைசென்ஸுக்குக்கூடக் கம்ப்யூட்டரில் கேள்வி கேட்டுவிட்டு, அப்புறம் வண்டியை எடுத்து எட்டு போடச் சொல்கிறார்கள்.

சரி, அப்படியானால் நியமனத்துக்கு முன்பே ஒரு மாதிரி வகுப்பு நடத்தச் சொல்லி மதிப்பெண் போடலாமே என்று உடனே சிலர் எழுதுவார்கள். வேண்டவே வேண்டாம். நேர்முகத் தேர்வு, மாதிரி வகுப்பு என்று எதை வைத்தாலும் அந்த மதிப்பெண்ணுக்கு ஒரு விலை வந்துவிடும், அதை வசூலிக்க ஊருக்கு ஓர் ஆள் முளைத்துவிடுவான். இயந்திரம் திருத்தும் ஓ.எம்.ஆர். தாளை மக்கள் நம்புவதற்குக் காரணமே அதற்குச் சாதியும் தெரியாது, சிபாரிசும் தெரியாது என்பதுதான். கூலி வேலை செய்பவர் மகள் எந்த எம்.எல்.ஏ. வீட்டு வாசலிலும் நிற்காமல் வேலைக்கு வருகிறாள் என்றால் அந்தத் தாள்தான் காரணம். அதைக் கெடுக்கக் கூடாது.

எட்டு போட வைக்க வேறு இடம் ஏற்கெனவே இருக்கிறது, யாரும் அதைப் பயன்படுத்துவதில்லை என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு பெரிய கடிதம். அரசுப் பணியில் சேரும் ஆசிரியருக்குத் தகுதிகாண் பருவம் என்று ஒன்று உண்டு. சேர்ந்த நாளிலிருந்து தொடர்ச்சியான மூன்று ஆண்டுக்குள் இரண்டு ஆண்டு பணி செய்திருக்க வேண்டும், அது திருப்தியாக இருந்தால்தான் தகுதிகாண் பருவம் முடித்ததாக ஆணை வரும். பெயரிலேயே தகுதியைக் காண்பது இருக்கிறது. எதைக் காண்கிறார்கள்?

என் பள்ளிக்கு வந்த டீச்சரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2013இல் டெட் தேறியவர். 2014இல் ஒரு பகுதிப் பேருக்கு வேலை கிடைத்தபோது அவருக்கு வெயிட்டேஜ் எட்டவில்லை. கல்யாணம், இரண்டு பிள்ளை, ஒரு நர்சரி பள்ளியில் சில வருஷம், கொரோனாவில் அந்தப் பள்ளி சம்பளத்தை நிறுத்தியதும் ஜவுளிக் கடையில் பில் போடும் வேலை. அப்புறம் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிக ஆசிரியர், 2022இல் அதற்கு முதலில் அறிவித்த தொகை மாதம் 7,500 ரூபாய். நாற்பதைத் தாண்டிப் போட்டித் தேர்வு எழுதி வேலைக்கு வந்திருக்கிறார். வயது வரம்பைப் பொதுப் பிரிவுக்கு 53, மற்றவர்களுக்கு 58 என்று உயர்த்தியதை நல்லது என்றுதான் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இவரைப் போன்றவர்கள் கதை முடிந்திருக்கும். பட்டயப் பயிற்சி முடித்தபோது அவர் கற்றது செயல்வழிக் கற்றல்: ஏணிப்படி, அட்டை, கம்பிப் பந்தல், பிள்ளை உயரத்துக்குத் தாழ்வான கரும்பலகை. இப்போது வகுப்பில் இருப்பது 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம்: அரும்பு, மொட்டு, மலர் என்று ஒரே அறையில் மூன்று நிலை. வந்த முதல் வாரம் பாடநூலைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர், இதில் யாருக்கு எதை முதலில் எடுப்பது" என்று என்னைக் கேட்டார். பயிற்சி கொடுத்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. மண்டபத்தில் உட்கார வைத்து ப்ரொஜெக்டரில் காட்டினார்கள்.

அவருடைய தகுதிகாண் பருவத்துக்காக இதுவரை என்னிடம் கேட்டிருப்பவை: பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பட்டயச் சான்றிதழ்களின் உண்மைத்தன்மை, விடுப்பு விவரம், ஒழுங்கு நடவடிக்கை நிலுவையில் இல்லை என்று ஒரு சான்று. உண்மைத்தன்மைச் சான்று வருவதற்குள் பலருக்கு இரண்டு வருஷம் ஓடிவிடுகிறது என்பது தனிக் கதை. அந்த டீச்சர் கையில் ஒரு பிள்ளையாவது படிக்கக் கற்றதா என்று கேட்கும் கட்டம் எந்தப் படிவத்திலும் என் கண்ணில் படவில்லை.

யாரும் வகுப்பறைக்கு வருவதில்லை என்று சொன்னால் அது பொய். வருகிறார்கள். அதற்குச் செயலியே இருக்கிறது. வருகிறவர் போனை எடுத்து, டிக் அடித்து, இரண்டு பிள்ளையை எழுப்பிப் படிக்கச் சொல்லி, போட்டோ பிடித்துப் பதிவேற்றுவார், சிக்னல் இல்லை என்றால் மரத்தடிக்குப் போவார். அப்புறம் எமிஸ் என்கிற கல்வித் துறை இணையதளத்தில் வருகைப் பதிவு எத்தனை மணிக்குப் போட்டீர்கள், காலை உணவு சாப்பிட்டவர்கள் எண்ணிக்கை சரியாக இருக்கிறதா, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா. எல்லாம் தேவையான கேள்விதான், காலை உணவு வந்த பிறகு முதல் பீரியடில் மயங்கி விழும் பிள்ளை எங்கள் பள்ளியில் இல்லை. ஆனால் போனவர் பார்த்ததை அடுத்து வருபவர் கேட்பதில்லை, அவர்கள் பார்த்தது அந்த டீச்சருக்கும் தெரிவதில்லை, தகுதிகாண் கோப்புக்குள்ளும் போவதில்லை.

நான் கேட்பது பெரிய செலவில்லாத விஷயம். புது ஆசிரியர் சேர்ந்த முதல் இரண்டு வருஷத்தில் பருவத்துக்கு ஒரு தடவை ஒரு முழு நாள் யாராவது அவர் வகுப்பில் உட்காரட்டும். இருபது நிமிஷம் போதாது, காலை மணியிலிருந்து சாயங்கால மணி வரை. ஒரே ஆள் வர வேண்டாம். ஒரு தடவை மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்திலிருந்து ஒரு விரிவுரையாளர், அங்கே முன்பு போல மாணவர் சேர்க்கையும் இல்லை, நேரம் ஒதுக்கலாம். இன்னொரு தடவை வேறு ஒன்றியத்திலிருந்து, நன்றாகப் பாடம் எடுப்பவர் என்று பெயர் வாங்கிய ஓர் இடைநிலை ஆசிரியர். அவர் வரும் நாளில் அவர் பள்ளியை யார் பார்ப்பது என்பது நியாயமான கேள்வி, ஈராசிரியர் பள்ளியில் இருப்பவர்களை விட்டுவிட்டுப் பெரிய பள்ளிகளிலிருந்து எடுக்க வேண்டியதுதான். தலைமையாசிரியரும் எழுதலாம், ஆனால் தலைமையாசிரியர் எழுத்து மட்டும் போதும் என்று வைக்கவே கூடாது. எங்களில் சிலருக்குப் பிடிக்காதவர்களைப் பழிவாங்கும் குணம் உண்டு, நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. மதிப்பெண்ணும் வேண்டாம். பார்த்ததை ஒரு பக்கம் எழுதி, அந்த டீச்சரிடமே படிக்கக் கொடுத்து, கையெழுத்து வாங்கிக் கோப்பில் வைக்கட்டும். கூடவே ஜூனில் வகுப்பில் ஐந்து பிள்ளைகளைக் குலுக்கிப் போட்டு எடுத்து, அவர்கள் படிப்பதையும் கழிப்பதையும் குறித்துவைத்து, ஏப்ரலில் அதே ஐந்து பேரை மறுபடி பார்க்கட்டும்.

இதில் சரியாக வராதவர்களை என்ன செய்வது? வேலையை விட்டு அனுப்பு என்று கத்துவதற்கு ஆள் இருக்கும். தகுதிகாண் பருவத்தை நீட்டிக்க விதியில் இடம் இருக்கிறது, நீட்டியுங்கள், அந்த வருஷம் நல்ல ஆசிரியர் இருக்கும் பள்ளியில் கூடவே போடுங்கள். பத்துப் பன்னிரண்டு வருஷம் காக்க வைத்துவிட்டு வேலைக்கு எடுத்த ஆளுக்கு இன்னும் ஒரு வருஷம் சொல்லிக் கொடுப்பதில் அரசுக்கு ஒன்றும் குறைந்துவிடாது. வேலை ஏற்கெனவே தேர்வில் வாங்கியது என்பதால் இதில் காசு புகுவதற்கும் இடம் குறைவு. இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன், கோப்பு நகர்த்தக் காசு கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

என்னைப் போன்ற பழைய ஆட்களுக்கும் இதையே செய்யலாம் என்பது என் எண்ணம். டெட் எழுதுங்கள் என்கிறது நீதிமன்றம், எழுதுகிறோம். நான் 90 வாங்கிவிட்டால் உங்கள் பிள்ளைக்கு நல்ல டீச்சர் கிடைத்துவிட்டதாகவும், 89 வாங்கினால் கிடைக்கவில்லை என்றும் நீங்கள் நினைத்தால் அது உங்கள் இஷ்டம். என் வகுப்புக்கு ஒரு நாள் முழுக்க ஆள் அனுப்பிப் பார்க்கச் சொன்னால் எனக்கு அந்தத் தாளைவிட அதிகமாகப் பயமாக இருக்கும், உண்மையைச் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்பில் இன்னும் திக்கித் திக்கிப் படிக்கும் ஒரு பிள்ளை என் கண் முன்னால் இருக்கிறாள், அவளை எழுப்பினால் நான் என்ன பதில் சொல்வேன் என்று தெரியாது. ஆனால் அப்படி வருகிறவர் விவரம் தெரிந்தவராக இருந்தால் அவளை என்ன செய்யலாம் என்று நானும் அவரைக் கேட்பேன். வேலைக்கு வந்த நாளாக அப்படிக் கேட்க எனக்கு ஆள் கிடைத்ததில்லை.

அப்புறம் இன்னொன்று, இந்தக் கடிதத்தோடு நேரடியாகச் சேராது என்றாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 2009 ஜூன் 1 முதல் பணியில் சேர்ந்த இடைநிலை ஆசிரியர்களுக்கு அடிப்படை ஊதியம் 5,200, அதற்கு முந்தின நாள் வரை சேர்ந்தவர்களுக்கு 8,370 என்று ஆறாவது ஊதியக் குழுவின்போது பிரித்தார்கள். நான் அந்தக் கோட்டுக்கு முந்திச் சேர்ந்தவள், என்னோடு படித்தவள் பிந்திச் சேர்ந்தவள். ஒரே பட்டயம், ஒரே வகுப்பு, ஒரே கரும்பலகை. வருஷா வருஷம் அவளைப் போன்றவர்கள் சென்னையில் பள்ளிக் கல்வித் துறை அலுவலகங்கள் இருக்கும் டி.பி.ஐ. வளாகத்தில் போய் வெயிலில் உட்கார்கிறார்கள், கூட்டிக்கொண்டு போய் மண்டபத்தில் அடைக்கிறார்கள், பேச்சுவார்த்தை, குழு, மறுபடி அடுத்த வருஷம். டெட் கேட்டவர்கள், போட்டித் தேர்வு கேட்டவர்கள், இதற்கு ஏன் ஒரு விடை சொல்லாமல் இருக்கிறார்கள் என்று அந்தப் பெண்கள் கேட்டால் நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

கடிதம் நீண்டுவிட்டது. இடம் இல்லை என்றால் இந்த ஊதியப் பத்தியையும் அரசாணை எண்களையும் வெட்டிக்கொள்ளுங்கள், தகுதிகாண் பருவம் பற்றி எழுதியிருப்பதில் மட்டும் கை வைக்காதீர்கள். அரசு ஊழியர் என்பதால் என் பெயரையும் ஊரையும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியை,
திருவண்ணாமலை மாவட்டம்